அக்காவின் பிரசவத்துக்கு மெல்பர்ன் போகும் அம்மா அப்பா: பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?

வைகைக்கரை:

வணக்கம். அக்காவுக்கு ஜூலை கடைசியில் மெல்பர்னில் பிரசவம். அம்மா (61), அப்பா (66) இருவரும் ஜூன் மூன்றாம் வாரம் திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வழியாகக் கிளம்புகிறார்கள். ஆறு மாதம் இருப்பார்கள். இருவருக்கும் இதுதான் முதல் விமானப் பயணம். விசா வந்துவிட்டது. ஆளுக்கு 30 கிலோ, கையில் 10 கிலோ.

அம்மா இப்போதே ஒரு பட்டியல் போட்டுவிட்டார்: பிரசவ லேகியம், சுக்கு, திப்பிலி, ஓமம், வசம்பு, மல்லி, சீரகம், வற்றல் மிளகாய், துவரம்பருப்பு 5 கிலோ, வீட்டு சாம்பார்பொடி, நெய் 2 லிட்டர், நல்லெண்ணெய், பால்சுறா கருவாடு, கொப்பரை, கறிவேப்பிலை, கிரைண்டர், தூளிச் சேலை. அப்பாவுக்கு சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, இன்சுலின் போடுகிறார். ஆறு மாத மருந்தையும் இங்கேயே வாங்கிக் கட்டிவிடலாம் என்கிறார்.

இதில் எது போகும், எது மாட்டும்?

சரக்குமுனை:

தம்பி, பட்டியலில் பாதியை அம்மாவிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். காரணத்தோடு சொன்னால் அவரும் ஒத்துக்கொள்வார்.

முதலில் பருப்பும் மசாலாச் சாமானும். கப்ரா வண்டு என்று தானியத்தில் வரும் ஒரு பூச்சி இருக்கிறது. இந்தியாவில் அது உண்டு, ஆஸ்திரேலியாவில் இல்லை, வரவிடவும் மாட்டார்கள். இதற்காக 2020-ல் ஒரு தடை கொண்டுவந்தார்கள். அரிசி, கொண்டைக்கடலை, துவரை, பாசிப்பயறு, மைசூர் பருப்பு, நிலக்கடலை, சீரகம், மல்லி, சோம்பு, வற்றல் மிளகாய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பயணிகள் பெட்டியிலும் கொண்டுவரக் கூடாது, பார்சலிலும் அனுப்பக் கூடாது. வெயிலில் காயவைத்தேன், சுத்தம் பண்ணினேன் என்றெல்லாம் சொல்லிப் பயனில்லை. ஆலையில் வறுத்தோ பொரித்தோ அவித்தோ பாக்கெட் போட்டு விற்பதற்குத்தான் விலக்கு. வீட்டு சாம்பார்பொடி இந்த இடத்தில்தான் சிக்கும். மல்லியும் மிளகாயும் வறுபட்டதா, எங்கே அரைபட்டது என்பதற்கு அதன் மேல் எந்த அடையாளமும் இருக்காது. அக்காவுக்கு அளவு எழுதிக் கொடுத்து அங்கேயே அரைக்கச் சொல்லுங்கள். மெல்பர்னில் டாண்டினாங் பக்கம் போனால் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. துவரம்பருப்பிலிருந்து கறிவேப்பிலை வரை கிடைக்கும். 5 கிலோ பருப்பைச் சுமப்பது பணத்தாலும் நட்டம், எடையாலும் நட்டம்.

பச்சையாக இருப்பது எதுவும் வேண்டாம். கறிவேப்பிலை, வெற்றிலை, மல்லிகைச் சரம், எலுமிச்சை, பச்சை மஞ்சள், முளைக்கக்கூடிய விதை, எல்லாமே குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். வழியனுப்ப வருகிறவர்கள் கையில் திணிக்கும் எலுமிச்சம்பழத்தை அம்மா கைப்பையிலேயே மறந்துவிடுவார். கிளம்பும்போது அந்தப் பையை ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்.

பால் பொருட்கள்: இந்தியாவில் கோமாரி நோய் இருப்பதால் பால்கோவா, பேடா, குலாப் ஜாமூன் மாதிரிப் பால் இனிப்புகளை விடமாட்டார்கள். நெய்யை இங்கிருந்து தூக்கவே வேண்டாம். பாலும் வெண்ணெயும் கொழிக்கிற நாடு அது. வெண்ணெய் வாங்கி வீட்டிலேயே உருக்கிக்கொள்ளலாம்.

கொப்பரையின் கதை வேறு, ஆஸ்திரேலியா வரைகூடப் போகாது. அதில் எண்ணெய் அதிகம். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று விமானப் பாதுகாப்பு விதியில் சேர்த்திருக்கிறார்கள். பெட்டியில் வைத்தால் திருச்சியிலேயே எக்ஸ்ரேயில் பார்த்துத் திறக்கச் சொல்வார்கள். கற்பூரமும் அப்படித்தான். பூஜைச் சாமான் என்று தனியே ஒரு பை கட்டினால் அதில் கற்பூரமும் தீப்பெட்டியும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும், கவனம்.

சுக்கு, திப்பிலி, ஓமம்: நாட்டு மருந்துக் கடையில் தாளில் மடித்துக் கொடுக்கும் பொட்டலமாகக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே என்ன என்று அதிகாரிக்குத் தெரியாது, அம்மாவாலும் விளக்க முடியாது. கம்பெனி சீல் போட்டு, ஆங்கிலத்தில் பொருளின் பெயர் அச்சடித்த பாக்கெட்டாக 50 கிராம், 100 கிராம் வாங்குங்கள். சுக்கும் ஓமமும் அங்கேயும் கிடைப்பதால், கிடைக்காத கண்டந்திப்பிலி மாதிரிச் சாமானுக்கு மட்டும் இடம் ஒதுக்கினால் போதும்.

இனி இதையெல்லாம்விட முக்கியமானது. விமானத்தில் ஓர் அட்டை தருவார்கள். உணவு, மருந்து, மரப்பொருள், செடி, விதை இருக்கிறதா என்று அதில் வரிசையாகக் கேள்விகள் இருக்கும். சந்தேகம் என்றால் 'ஆம்' என்று குறிக்க வேண்டும். 'ஆம்' போட்ட பொருளை அவர்கள் எடுத்துப் போட்டாலும் அபராதம் கிடையாது, பொருள்தான் போகும். 'இல்லை' என்று போட்டுவிட்டுப் பெட்டியில் ஊறுகாய்ப் பாட்டில் அகப்பட்டால் அபராதம் ஆயிரக்கணக்கான டாலர் வரை போகலாம். 2019-லிருந்து, அறிவிக்காமல் கொண்டுவருகிற சுற்றுலா விசாக்காரரின் விசாவை அங்கேயே ரத்து செய்து திருப்பி அனுப்பவும் அதிகாரம் இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் மாட்டுவது பெரும்பாலும் கேள்வி புரியாமல் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுவதால்தான். அட்டையின் மாதிரியை இணையத்திலிருந்து எடுத்து இப்போதே தமிழில் விளக்கி, இரண்டு தடவை எழுதவைத்துப் பழக்குங்கள்.

உணவுப் பொருள் முழுவதையும் ஒரே பெட்டியில், மேலாகவே வையுங்கள். நான்கு பெட்டியிலும் பரவிக் கிடந்தால் நான்கையும் பிரிப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் இருப்பதை ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதி (சுக்குக்கு 'டிரை ஜிஞ்சர்', அளவு, எத்தனை பாக்கெட்) அம்மா கையில் கொடுங்கள். பேசத் தெரியாவிட்டாலும் அந்தத் தாளை நீட்டினால் பாதி வேலை முடிந்துவிடும்.

மருந்துச்சீட்டு:

மருந்து விஷயத்தில் உங்கள் அப்பா நினைப்பது தவறு. ஆஸ்திரேலியாவுக்குள் பயணி தன்னோடு கொண்டுபோகக்கூடியது அதிகபட்சம் 3 மாத அளவு. ஆறு மாதத்துக்குக் கட்டினால் மீதியைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கணக்கு இப்படி: மெட்பார்மின் ஒரு நாளைக்கு இரண்டு என்றால் 90 நாளைக்கு 180 மாத்திரை, பத்து மாத்திரை அட்டையாக 18. அட்டையை வெட்டி டப்பாவில் கொட்டிக் கொண்டுபோகக் கூடாது. பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி முழு அட்டையாகவே இருக்கட்டும்.

டாக்டரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வாங்குங்கள். நோயாளியின் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி, நோய், மருந்தின் பொதுப்பெயர், மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தனை, இவ்வளவும் அதில் வேண்டும். பொதுப்பெயரை நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. இங்கே ஒரே மாத்திரையில் கிளிமெபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்து ஒரு கம்பெனிப் பெயரில் வரும்; அந்தப் பெயரை மட்டும் சொன்னால் மெல்பர்ன் மருந்துக்கடையில் யாருக்கும் புரியாது. கடிதத்தின் நகல் ஒன்று கைப்பையில், ஒன்று அக்காவின் போனில்.

மூன்று மாதம் கழிந்ததும் அங்கே ஒரு குடும்ப மருத்துவரைப் பார்த்துச் சீட்டு வாங்க வேண்டும். மருத்துவர் கட்டணமும் மருந்து விலையும் முழுதாகக் கைக்காசு; அதை இப்போதே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். 'தீர்ந்தால் கூரியரில் அனுப்புகிறோம்' என்பது நடக்காது. தபாலில் வருகிற சீட்டு மருந்துக்கு அந்த நாட்டு மருத்துவரின் சீட்டு வேண்டும்.

இன்னொன்று: சொந்த மருந்துக்கும், கூடவே பயணம் செய்யும் குடும்பத்தாரின் மருந்துக்கும்தான் இந்தச் சலுகை. அக்காவுக்கு ஆன்டிபயாடிக், மாப்பிள்ளைக்கு வயிற்றெரிச்சல் மாத்திரை என்று அங்கே இருக்கிறவர்களுக்காக எடுத்துப் போவது இதில் அடங்காது.

இன்சுலினைப் பெரிய பெட்டியில் போடவே கூடாது. சரக்கறைக் குளிரில் உறைந்தால் மருந்து கெட்டுவிடும். பார்த்தால் தெரியாது, சர்க்கரை ஏறும்போதுதான் தெரியும். குளிர்ப்பையில், ஜெல் கட்டி நேராக மருந்தைத் தொடாமல் நடுவில் ஒரு துணி வைத்து, கைப்பையில் வையுங்கள். ஊசியும் குளுக்கோமீட்டரும் அதோடேயே போகட்டும். பாதுகாப்புச் சோதனையில் கடிதத்தோடு முதலிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மெல்பர்ன் நேரம் ஜூனில் நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடும், அதாவது பயண நாள் அந்த அளவு குறுகும். இரவில் போடும் நீண்ட நேர இன்சுலினை அன்று எத்தனை மணிக்கு, எவ்வளவு போடுவது என்பதை டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். அப்பாவாக முடிவு செய்ய வேண்டாம்.

அப்பா தூக்க மாத்திரையோ (அல்பிரசோலம், குளோனசெபாம்) கோடீன் உள்ள இருமல் மருந்தோ எடுப்பவராக இருந்தால் அதைக் கடிதத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டும். தேவையில்லை என்றால் இருமல் மருந்தை எடுக்கவே வேண்டாம்.

பட்டியலில் இல்லாத ஒன்று, ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது: இருவருக்கும் கக்குவான் இருமல் தடுப்பூசி (டிடாப்). பச்சிளங்குழந்தையைத் தூக்கப் போகும் தாத்தா பாட்டி, கடைசியாகப் போட்டு 10 வருடம் ஆகியிருந்தால், குழந்தையைப் பார்ப்பதற்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவின் பரிந்துரை. பெரும்பாலும் அங்கே மருத்துவமனையிலேயே இதைக் கேட்பார்கள். ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம், ஃப்ளூ காலம். அந்த ஊசியும் சேர்த்துப் போடுவது நல்லது.

வசம்பு குழந்தைக்கு என்றால் விட்டுவிடுங்கள். அதில் இருக்கும் பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருளால் அமெரிக்கா 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டது. பச்சிளங்குழந்தைக்கு உரசி நாக்கில் தடவுவதை இங்கே இருக்கும் குழந்தை மருத்துவர்களும் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. மூன்று சந்தேகம். லேகியம் வீட்டில் கிண்டுவது, பாட்டி கைப்பக்குவம். அம்மா அதை மட்டும் விடமாட்டார். வீட்டில் இரண்டு கறவை மாடு இருக்கிறது, தினமும் அம்மாதான் பால் கறக்கிறார். அட்டையில் பண்ணையைப் பற்றி ஏதோ கேள்வி இருக்கிறதாமே? கசகசா கொஞ்சம் கொண்டுபோகலாமா?

சரக்குமுனை:

கசகசா கூடவே கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் தடுப்பு விதியில் வருகிறது. துபாய் வழியாகப் போகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். டிக்கெட் ஒரே பதிவாக இருந்தால் பெட்டி சிங்கப்பூரில் கைக்கு வராமல் நேரே மெல்பர்ன் போய்விடும். ஆனால் திருச்சி–சிங்கப்பூர் தனி, சிங்கப்பூர்–மெல்பர்ன் தனி என்று இரண்டு டிக்கெட் வாங்கியிருந்தால் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டும். அதற்கு சிங்கப்பூர் விசா கேள்வியும் வரும். டிக்கெட்டில் பதிவு எண் ஒன்றுதானா என்று இன்றே பாருங்கள்.

மாடு: கடந்த 30 நாளில் பண்ணை, கால்நடைகள் பக்கம் போனீர்களா என்பது கேள்வி. 'ஆம்' என்றுதான் போட வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, செருப்பைத்தான் பார்ப்பார்கள். தொழுவத்துக்குப் போட்ட செருப்பும் அந்தச் சேலையும் பயணத்துக்கு வேண்டாம். புதுச் செருப்பு வாங்குங்கள், அல்லது அடிப்பாகத்தின் கோடுகளில் இருக்கும் மண்ணைப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி உலர்த்துங்கள். பெட்டியை இத்தனை நாள் வைக்கோல் பக்கம் போட்டு வைத்திருந்தால் சக்கரத்தையும் துடைக்க வேண்டும். சாண வறட்டி, அதில் சுட்ட திருநீறு, மயிலிறகு எதுவும் வேண்டாம். மயிலிறகை இந்தியாவிலிருந்து வெளியே எடுத்துப் போவதே தடை.

லேகியத்தில் நெய், தேன், விதை, வேர் என்று அவர்கள் கேட்கிற எல்லாமே இருக்கிறது. கால் கிலோ கொண்டுபோய் 'ஆம்' குறித்துக் காட்டலாம். விட்டால் சரி, எடுத்தால் அதோடு போயிற்று. அதைவிடப் பாட்டியின் பக்குவத்தை அளவோடு எழுதி, அங்கே கிடைக்காத சாமானை மட்டும் சீல் பாக்கெட்டில் கொண்டுபோய் அக்கா வீட்டு அடுப்பில் கிண்டுவது புத்திசாலித்தனம். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் அங்கே கிடைக்கும்.

மருந்துச்சீட்டு:

வீட்டு லேகியம் ஒரு பக்கம் இருக்கட்டும். பஸ்பம், செந்தூரம் சேர்ந்த கடை மருந்து எதையும் பிள்ளை பெற்றவளுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஈயம், பாதரசம் கலந்தவை உண்டு. தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும்.

தராசுத்தட்டு:

மூட்டை கட்டும் பக்கம் நான் சொல்கிறேன்.

ஆளுக்கு 30 கிலோ என்றால் இருவருக்கும் 60. ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டினால் எந்த விமானத்திலும் ஏற்ற மாட்டார்கள், எடை வாங்கியிருந்தாலும். 15 கிலோவாக நான்கு உருப்படி என்பது வயதானவர்கள் கன்வேயரிலிருந்து இழுக்க முடிகிற அளவு. பெரிய சூட்கேஸ் வெறும் பெட்டியே 4, 5 கிலோ தின்றுவிடும். இரண்டு சூட்கேஸ், இரண்டு கனமான அட்டைப்பெட்டி என்று வைத்தால் எடை மிச்சமாகும். தொங்கு தராசு 300, 400 ரூபாய்க்குக் கிடைக்கும். வீட்டிலேயே தூக்கிப் பார்த்து அரை கிலோ குறைவாக நிறுத்துங்கள், கவுன்டர் தராசோடு சண்டை போட முடியாது.

கிரைண்டர்: அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்சாரத்தால் பிரச்சினை இல்லை, பின் வடிவம் மட்டும் வேறு (சாய்வான தட்டைப் பின்), அடாப்டர் போதும். ஆனால் 2 லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் கல்லோடு 10 கிலோவுக்கு மேல் போகும். அக்கா வீட்டில் மிக்ஸி இருந்தால் ஆறு மாத இட்லி மாவுக்கு அதுவே தாங்கும். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கல்லைத் தனியே துணியில் சுற்றி வேறு பெட்டியில் வையுங்கள். டிரம்முக்குள் விட்டால் ஆடி ஆடி டிரம்மை நெளித்துவிடும். குக்கர் எடுப்பதாக இருந்தால் அக்கா வீட்டு அடுப்பு இன்டக்‌ஷனா என்று கேளுங்கள், அலுமினியக் குக்கர் அதில் சூடேறாது.

தூளிச் சேலை தாராளமாகப் போகும். மாட்டுகிற இடத்துக்கு என்ன செய்வீர்கள்? அங்கே வீட்டுக் கூரையின் உள்பக்கம் ஜிப்சம் பலகை. கொக்கி போட்டால் குழந்தையோடு கீழே வரும், வாடகை வீட்டில் துளை போடவும் விடமாட்டார்கள். பழைய பருத்திச் சேலைகள் நாலைந்து எடுத்துப் போங்கள், துண்டாகக் கிழித்தால் குழந்தைக்கு அதைவிட மெத்தென்ற துணி கிடையாது.

எண்ணெயோ ஊறுகாயோ எடுத்தால்: பாட்டில் வாய்வரை நிரப்பாமல் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள். மூடிக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள், வெளியே டேப், பிறகு ஜிப் பை இரண்டு, அதற்கு மேல் பழைய துண்டு. கைப்பையில் ஊறுகாய் வேண்டாம். திரவமாகத்தான் கணக்கு, 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டும்தான்.

கருவாடு வேண்டாம். விதி ஒருபுறம், நாற்றம் ஒருபுறம். பெட்டி கசிந்தால் ஆறு மாதத் துணியும் கருவாடுதான். மெல்பர்னில் இலங்கைத் தமிழர் கடைகள் இருக்கின்றன, அங்கே விசாரிக்கச் சொல்லுங்கள்.

திருச்சி வெயிலில் ஏறி மறுநாள் விடிகாலை 6, 7 டிகிரியில் இறங்குவார்கள். ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர், காலுறை, அம்மாவுக்குத் தலைக்குக் கட்ட ஒரு சால்வை, இவை கைப்பையில் இருக்கட்டும். மற்ற குளிர் உடுப்பை அங்கே வாங்குவதே மேல், நம் ஊர் ஸ்வெட்டர் அந்தக் குளிருக்குக் காணாது. தேங்காயெண்ணெய் பாட்டிலோடு உறைந்து கட்டியாகிவிடும், கெட்டுப்போனதாக நினைத்துக் கொட்டிவிட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.

மிச்சப்படும் எடையில் அங்கே விலை கூடுகிற சாமானைப் போடுங்கள்: மூக்குக்கண்ணாடி இரண்டாவது ஜோடி, தைத்த ரவிக்கை, முன்பக்கம் முடிச்சுப் போடும் குழந்தைச் சட்டை இரண்டு டஜன், அக்காவுக்குப் பால் கொடுக்க வசதியான பருத்தி நைட்டி.

சரக்குமுனை:

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. சக்கர நாற்காலி உதவியை விமானக் கம்பெனியில் 48 மணி நேரத்துக்கு முன்பே பதிவு செய்யுங்கள். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் என்று அப்பா மறுப்பார். நீண்ட தூரம் நடக்கவோ படியேறவோ சிரமம் இருந்தால் கேட்கலாம். சிங்கப்பூரில் வாசல் மாறுவது, குடிநுழைவு வரிசை எல்லாவற்றுக்கும் கூடவே ஆள் வருவார். பட்ஜெட் விமானம் என்றால் சாப்பாடும் முன்பே வாங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர் வெறும் வயிற்றில் இருக்கக் கூடாது. கையில் பிஸ்கட் இருக்கட்டும், ஆனால் மெல்பர்னில் இறங்கும் முன் மிச்சத்தைச் சாப்பிட்டுவிட வேண்டும் அல்லது அட்டையில் 'ஆம்' போட வேண்டும். விமானத்தில் கொடுத்த ஆப்பிளுக்கும் இதே விதிதான்.

கைப்பையில் ஒரு கோப்பு: விசா ஒப்புதல் கடிதத்தின் அச்சுப்பிரதி (பாஸ்போர்ட்டில் முத்திரை இருக்காது, மின்விசா), திரும்பி வரும் டிக்கெட், காப்பீடு, அக்காவின் முகவரி, போன் எண், பிரசவத் தேதி குறித்த மருத்துவமனைக் கடிதம். கேள்வி கேட்டுத் திணறினால் 'தமிழ்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், போனில் மொழிபெயர்ப்பாளரை அழைப்பார்கள். பிறகு மருத்துவரிடமோ அரசு அலுவலகத்திலோ தேவைப்பட்டால் 131 450 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். அவசரத்துக்கு 000. மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் ஆம்புலன்ஸ் இலவசமில்லை, அதனால் காப்பீட்டில் ஆம்புலன்ஸும் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை நோயும் அடங்குமா என்று வாங்கும் முன் படித்துப் பாருங்கள்.

வைகைக்கரை:

டிக்கெட்டைப் பார்த்துவிட்டேன், ஒரே பதிவு எண்தான். கிரைண்டர் பட்டியலிலிருந்து போயிற்று. டிடாப் ஊசிக்கு நாளை தேனிக்குக் கூட்டிப் போகிறேன். லேகியத்துக்கு மட்டும் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.